செங்கல் அறுப்பவருக்கும் செங்கல் வீடு

(வேலூர் - ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது, பி.எப். பாக்கி இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டடம் கட்டுகிறவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடுகிறவர்கள் நாம். ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் நம் பெண்கள். நாம் பதனிட்ட தோலும் தைத்த செருப்பும் கப்பலேறிப் போகின்றன. சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் கரும்பும் விளைவிக்கிறவர்கள் நாம். செங்கல் சூளையில் மண் மிதித்து, அச்சில் அடித்து, கல் அறுக்கிறவர்களும் நம்மவர்களே. இத்தனை செய்கிற நாம் குடியிருப்பது எங்கே? ஒற்றை அறை வாடகை வீடு, தகரக் கொட்டகை, கீற்றுக் குடிசை. செங்கல் அறுக்கிறவருக்குச் செங்கல் வீடில்லை. இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

வீடு கட்ட நினைத்தவர்களுக்கு நேர்ந்ததும் நமக்குத் தெரியும். கடைக்கால் போடும்போதே கையிருப்பு தீர்ந்துவிடும். சிமெண்டுக்கு ஒரு கடன், கம்பிக்கு ஒரு கடன். கூரை மட்டத்துக்கு வரும்போது மனைவியின் தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போய்விடும். வீடு முடிந்தாலும் வட்டி முடிவதில்லை.

இந்தத் துன்பத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர் விடை தேடினார். பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து தேடவில்லை. கொத்தனாரோடும் சித்தாளோடும் மண்ணில் நின்று தேடினார். அவர் பெயர் லாரி பேக்கர். அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

யார் இந்த பேக்கர்?

1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர் அவர். அங்கேயே கட்டடக் கலை படித்து 1937ல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பேக்கர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சங்கத்தைச் சேர்ந்தவர். ஆளைக் கொல்லும் வேலையைச் செய்ய மாட்டோம் என்று மறுப்பவர்கள் அவர்கள். துப்பாக்கி பிடிக்க மறுத்த பேக்கர், காயம்பட்டவர்களுக்கு உதவும் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

1943ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் பல வாரம் காத்திருக்க நேர்ந்தது. அப்போது காந்தியைச் சந்தித்தார். பேக்கர் கால்களில் இருந்தவை துண்டுத் துணிகளைக் கொண்டு கையால் தைத்த காலணிகள். காந்தியின் கண் அந்தக் காலணிகளின் மேல் விழுந்தது. அதிலிருந்தே பேச்சு வளர்ந்தது. கிராமத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் காந்தி ஓர் அளவு வைத்திருந்தார்: ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கட்டிய வீடாக அது இருக்க வேண்டும். இந்தக் கருத்து பேக்கர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1945ல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோயாளிகளுக்கான கிறிஸ்தவ மிஷன் ஒன்றில் கட்டடப் பொறுப்பு ஏற்றார். தொழுநோயைப் பற்றி வேலூர்க்காரர்களான நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1955ல் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். 1940களில் புதிய மருந்து வந்தது. நோய் குணமாகும் என்ற நிலை பிறந்தது. ஆகவே அந்தக் காப்பகங்களை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அதுதான் பேக்கரின் வேலை.

படிப்பு உதவவில்லை, கொத்தனார் உதவினார்

வேலைக்கு வந்த இடத்தில் பேக்கர் ஓர் உண்மையைக் கண்டார். இங்கிலாந்தில் படித்த படிப்பு இந்த ஊர் மண்ணுக்கு உதவவில்லை. கரையான் அரிக்கிறது, கோடை கொளுத்துகிறது, பருவ மழை ஓயாமல் அடிக்கிறது. மண், சாணம், சுண்ணாம்பு, காட்டுக் கல் என்று அவர் கல்லூரியில் காணாத பொருள்களே கைக்குக் கிடைத்தன. ஆனால் அந்தந்த ஊர் ஜனங்கள் இவற்றைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்து வந்தார்கள். பட்டம் பெற்ற பேக்கர், எழுத்தறியாத கொத்தனாரிடம் மாணவரானார். இதை அவர் வெட்கமாக நினைக்கவில்லை. கடைசி வரை பெருமையோடு சொல்லி வந்தார்.

1948ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகட் பகுதிக்குப் போய், ஏறத்தாழ 15 ஆண்டுகள் தங்கினார்கள். அம்மையார் வைத்தியம் பார்த்தார். பேக்கர் உள்ளூர்க் கல்லாலும் மரத்தாலும் மருத்துவமனையும் பள்ளிகளும் கட்டினார். 1963ல் கேரள மலைப் பகுதியான வாகமண்ணுக்கு வந்து அங்கும் மருத்துவப் பணி செய்தார்கள். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார்கள். ஊர் அறிந்த பேக்கராக அவர் ஆனது அதற்குப் பிறகுதான். அப்போது அவர் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது!

நிலம் முதலில், வீடு பிறகு

பேக்கர் திருவனந்தபுரம் வந்த சமயம் எப்படிப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1970 ஜனவரி 1ஆம் தேதி கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜென்மியின் நிலத்தில் குடிசை போட்டுக் கொண்டு, 'வெளியே போ' என்றால் சட்டி பானையோடு வெளியேற வேண்டியிருந்த குடிகிடப்புக்காரருக்கு உரிமை கிடைத்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை, நகரசபைப் பகுதியில் 5 சென்ட் வரை, மாநகரில் 3 சென்ட் வரை மனை அவருக்குச் சொந்தமாயிற்று. இந்த உரிமை தானாக வரவில்லை. விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் பல்லாண்டு போராடிப் பெற்றார்கள்.

காலடியில் நிலம் சொந்தமானதும் அடுத்த கேள்வி எழுந்தது: அதன் மேல் என்ன கட்டுவது? சிமெண்டும் கம்பியும் வாங்கப் பணமில்லாத லட்சக்கணக்கான குடும்பங்கள். 1972ல் வீட்டு வசதி அமைச்சராக இருந்த தோழர் எம். என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் திருவனந்தபுரம் ஆர்ச் பிஷப் மார் கிரிகோரியோஸ் ஏழைகளுக்கு மலிவான வீடு வேண்டும் என்று கேட்க, 3,000 ரூபாயில் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார் பேக்கர்.

முதலமைச்சராக இருந்தவர் தோழர் சி. அச்சுத மேனன். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அந்தக் காலத்தில் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். அதைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. மலைச் சரிவை வெட்டித் தட்டையாக்காமல், நிலம் போகும் போக்கிலேயே கட்டடத்தை வளைத்துக் கொண்டு போனார். பூச்சில்லாத செங்கல் சுவர். காற்றும் வெளிச்சமும் புகும் ஜாலி. உயர்ந்து நிற்கும் நூலகக் கோபுரம். குறைந்த செலவில் எழுந்த அந்த வளாகத்தைப் பார்க்க இன்றும் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? திறமையான கலைஞர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. உரிமை கேட்டுப் போராடிய ஜனங்கள் இருந்தார்கள். காது கொடுத்துக் கேட்ட சர்க்கார் இருந்தது. அதனால்தான் பேக்கரின் திறமை ஏழையின் வாசல் வரை வந்தது.

சுவர் எப்படி மலிவாயிற்று?

இனி வேலைக்கு வருவோம். இங்கே கொத்தனார்களும் சித்தாள்களும் இருக்கிறார்கள். நாம் சொல்வதை அவர்கள் கை அளவிலேயே சரிபார்த்துக் கொள்ளலாம்.

சாதாரணமாக 9 அங்குலச் சுவருக்குச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். பேக்கர் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினார். வெளிப்பக்கம் ஒரு கல், உட்பக்கம் ஒரு கல், நடுவே சந்து. இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். 1,000 கல் பிடிக்கும் இடத்தில் 750 கல் போதும். கலவையும் குறையும். நடுவிலிருக்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கூரையைப் பாருங்கள். கான்கிரீட் தளத்தில் மேல் பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப் பாகத்தில் இழுப்பைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே கீழே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்தப் பாரத்துக்கு எதற்குச் சிமெண்டு? அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டார் பேக்கர். கான்கிரீட் குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது, செலவும் குறைந்தது. கீழே படுத்துப் பார்த்தால் ஓடுகள் வரிசையாக அழகாகவும் தெரியும்.

ஜன்னலுக்கு மேல் லிண்டல் போடாமல் செங்கல் வளைவு கட்டினார். பல இடங்களில் ஜன்னலையே எடுத்துவிட்டுச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலியாக்கினார். கதவுச் சட்டம் இல்லாமலே கதவு மாட்டினார். நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டார். இடித்த வீட்டின் மரத்தையும் ஓட்டையும் வாங்கிப் பயன்படுத்தினார். உபயோகித்த காகிதத்தின் முதுகில் படம் வரைந்தார். பல சமயம் வேலை நடக்கும் இடத்திலேயே கொத்தனாரோடு பேசி முடிவு செய்தார்.

தோழர்களே, இந்தக் கணக்கில் முக்கியமான விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வழக்கமான வீட்டில் நாம் கொடுக்கும் பணத்தின் பெரும் பங்கு சிமெண்டு, கம்பி முதலாளிகளிடம் போகிறது. பேக்கர் முறையில் சிமெண்டும் கம்பியும் குறைகின்றன, கைத்திறன் கூடுகிறது. வளைவு கட்டவும் ஜாலி அடுக்கவும் தேர்ந்த கை வேண்டும். ஆகவே செலவழிகிற ஒவ்வொரு ரூபாயிலும் கூலியாகப் போகும் பங்கு அதிகமாகிறது. கூலியைக் குறைத்துச் செலவைக் குறைக்கிற வித்தையை எல்லா மேஸ்திரியும் அறிவார்கள். பேக்கர் கூலியில் கை வைக்காமல் செலவைக் குறைத்தார்!

மீனவரும் காப்பித் தொழிலாளியும்

1970களின் நடுவில் திருவனந்தபுரத்துக்கு அருகே பூந்துறையில் மீனவர்களுக்கு வீடுகள் கட்டினார் பேக்கர். லயன் வீடு போல ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளித் தள்ளி அமைத்தார். ஏன்? கடற்காற்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போக வேண்டும். வலை காயப் போடவும் பிள்ளைகள் விளையாடவும் முன்னால் இடம் வேண்டும். ஏழைக்குக் கட்டும்போதும் அவர் தொழில் என்ன, அவர் வாழ்க்கை என்ன என்று கேட்டுக் கட்டினார்.

தம்பானூர் பஸ் நிலையத்தருகே இருக்கும் இந்தியன் காப்பி ஹவுசை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். 1957ல் காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடத் தொடங்கியபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தோழர் ஏ. கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். 1958ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் தொழிலாளர் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. அந்தத் தொழிலாளர்களுக்குப் பின்னாளில் திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டிக் கொடுத்தது, சுழன்று சுழன்று மேலே ஏறும் ஒரு வட்டக் கட்டடம். குறுகிய இடம், அதற்குள் படிக்கட்டே இல்லாத சாய்தளம், சுவரோரமாகக் கட்டிய மேஜையும் பெஞ்சும், ஜாலி வழியே காற்று. முதலாளி இல்லாத கடை, அலங்காரம் இல்லாத கட்டடம். இரண்டும் ஜோராக நடக்கின்றன.

1985ல் அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் முதலானோர் சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். கொத்தனார்களுக்கும் இளம் என்ஜினீயர்களுக்கும் இந்த முறைகளைக் கற்றுக் கொடுப்பது அதன் வேலை. பேக்கர் தாமே படம் போட்டு எளிய கையேடுகள் எழுதினார். தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டி வைக்கவில்லை. பின்னர் அவர் இந்தியப் பிரஜையானார். 1990ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, 90ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

மலிவு யாருக்கு லாபம்?

ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். அதற்காகக் கடல் தாண்டி மெக்சிகோ வரை போய் வருவோம்.

அங்கே ஹுவான் ஓ'கோர்மன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். 1905ல் பிறந்தவர். ஓவியர்கள் டியேகோ ரிவேராவுக்கும் ஃபிரீடா காலோவுக்கும் நவீன பாணியில் வீடு கட்டிப் பெயர் பெற்றவர். புரட்சிக்குப் பின் மெக்சிகோவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தேவைப்பட்டன. 1932 முதல் கல்வி இலாகாவில் இருந்து கொண்டு, அலங்காரத்தையெல்லாம் நீக்கி, குறைந்த செலவில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைக் கட்டினார். குறைந்த செலவில் நிறைந்த பயன் என்பது அவர் கொள்கை.

பிறகு என்ன நடந்தது? வீட்டு முதலாளிகள் அந்த முறையைப் பிடித்துக் கொண்டார்கள். குறைந்த செலவில் கட்டி நிறைந்த வாடகை வாங்கினார்கள். பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்தது முதலாளியின் லாபத்துக்குக் கருவியாயிற்று. ஓ'கோர்மன் மனம் வெறுத்துச் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலையே விட்டுவிட்டு ஓவியம் தீட்டப் போனார். பின்னாளில் மெக்சிகோ பல்கலைக்கழக நூலகத்தின் சுவர்களை அந்நாட்டின் பல வண்ணக் கற்களால் ஓவியமாக்கினார். 1982ல் மறைந்தார்.

மலிவு என்பது இருபக்கம் கூர்மையான கத்தி. ஏழைக்கு எதற்குப் பெரிய வீடு, இது போதும் என்று சொல்லவும் அதைப் பயன்படுத்தலாம். அதே பணத்தில் இன்னும் ஓர் அறை கட்டிக் கொள்ளவும் பயன்படுத்தலாம். சிக்கனம் ஏழைக்கு மட்டும் உரிய விதி என்பதைப் பேக்கர் ஏற்கவில்லை. வசதியுள்ளவர்களுக்கும் அதே செங்கல்லால் அதே முறையில்தான் கட்டினார். மிச்சமாகும் பணம் யார் கைக்குப் போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம் ஊருக்கு என்ன?

2024ல் தமிழ்நாடு சர்க்கார் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் குடிசைகளுக்குப் பதில் 8 லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்பது அறிவிப்பு. நல்லது. அந்தப் பணத்துக்குள் வீட்டை முடிக்க வழி உண்டா, இல்லை கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டுமா என்பதை அந்தச் சுவரும் கூரையும் கட்டும் முறையே பெரிதும் தீர்மானிக்கும்.

பேக்கர் முறை எல்லா ஊருக்கும் பொருந்தும் மந்திரமல்ல. அவரே அப்படிச் சொன்னதில்லை. அந்தந்த ஊர்ப் பொருளைப் பார் என்பதுதான் அவர் பாடம். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். தோல் கழிவால் பாலாற்றுப் படுகையும் கிணறுகளும் கெட்ட கதை 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது. உப்பேறிய நீரில் கலவை குழைத்தால் சுவர் பொரிந்து உதிரும். கூரைக் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே நல்ல தண்ணீர் கேட்பது குடிப்பதற்காக மட்டுமல்ல, குடியிருப்பதற்காகவும்தான். அடுத்தது செங்கல். சரியாக வேகாத கல்லைப் பூசாமல் விட்டால் மழையில் ஊறும். எலிப்பொறிக் கட்டுக்கு ஒரே அளவான, நன்றாக வெந்த கல் வேண்டும்.

அந்தக் கல்லை அறுப்பது யார்? முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு சூளையில் அடைந்து கிடப்பவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதன் பிறகும் நம் வட்டாரத்துச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் ஆட்களை மீட்டதை நாம் அறிவோம். அவருடைய விடுதலையை மறந்துவிட்டு மலிவான செங்கல்லைப் பற்றி நாம் பேசினால் அது நியாயமாகாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மனை. 1971ல் தமிழ்நாட்டிலும் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்க வந்த சட்டம் அது. ஆனால் பட்டா இல்லாமல் இன்றும் எத்தனை குடும்பங்கள்? பட்டா இல்லாதவர் வீட்டுத் திட்டத்தின் வாசலைக் கூட மிதிக்க முடியாது.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்திலிருந்து சில வேலைகளை எடுத்துக் கொண்டு போவோம். ஒவ்வொரு கிராமத்திலும் பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலை எழுதுவோம். தாசில்தார் ஆபீசில் கொடுத்துப் பதில் வரும் வரை விடாமல் கேட்போம். நம் கொத்தனார்களில் நாலு பேரையாவது எலிப்பொறிக் கட்டும் ஓடு பதித்த தளமும் பழகிக் கொண்டு வர அனுப்புவோம். சர்க்கார் பணத்தில் வீடு கட்டும் இடத்தில், இந்த முறைகளுக்கும் அனுமதி தர வேண்டும் என்று என்ஜினீயரிடம் கேட்போம். 'இதெல்லாம் நிற்காது' என்று அவர் சொன்னால், அரை நூற்றாண்டாகத் திருவனந்தபுரத்தில் நின்று கொண்டிருக்கும் சுவர்களைக் காட்டுவோம்.

பேக்கர் நம் வீட்டை வந்து கட்டித் தரப் போவதில்லை. அவர் விட்டுப் போன வித்தை பூட்டில்லாமல் திறந்து கிடக்கிறது. செங்கல் அறுக்கும் கை நம்முடையது. சுவர் எழுப்பும் கையும் நம்முடையது. மனையைக் கேட்டு வாங்குவோம், வீட்டை நாமே எழுப்புவோம்!